வாசலுக்கு வரும் மருந்து

உங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி இருப்பார். பிரஷர் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. மாத்திரை வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் இருக்கிற மாத்திரையைப் பாதியாய் உடைத்துப் போட்டு நாளைக் கடத்துவார். அது ஆகவே ஆகாது.

இவரைப் போன்றவர்களுக்காகத்தான் 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண் ஒருவர் வீடு தேடி வருவார். கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார். மாத்திரையைக் கையில் கொடுப்பார். காசு கிடையாது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், வலி தணிக்கும் பராமரிப்பும் உண்டு.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, வருகிறவர் நம்ம ஊர்ப் பெண் என்பதுதான். “பாட்டி, நேத்து மாத்திரை போட்டீங்களா?” என்று உரிமையோடு கேட்பார். டாக்டரிடம் மறைப்பதை இவரிடம் மறைக்க முடியாது.

இன்னொன்று. பிரஷர் சரியாகிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரை போடுவதால்தான் அது சரியாக இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நடக்க முடியாதவர் இருந்தால், இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சொல்லி வையுங்கள்.