ராணியைக் கொடுத்தா ராஜா கிடைப்பாரா?

இன்னிக்கு ஒரே ஒரு மூவ் பத்திதான் பேசப் போறேன். பக்கத்துல செஸ் போர்டு இருந்தா எடுத்து வெச்சுக்கோங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க சும்மா கேளுங்க, வீட்டுக்குப் போய் அடுக்கிப் பாத்துக்கலாம்.

2016 நவம்பர் 30, நியூயார்க். உலக சாம்பியன்ஷிப். 2013-ல சென்னையில நம்ம ஆனந்த் கிட்ட இருந்து பட்டத்தைத் தட்டிட்டுப் போன மேக்னஸ் கார்ல்சன் ஒரு பக்கம், ரஷ்யாவோட செர்கேய் கர்யாகின் இன்னொரு பக்கம். 12 ஆட்டம் ஆடியும் 6-6. அதனால ரேபிட் டைபிரேக், மொத்தம் 4 ஆட்டம், ஆளுக்கு 25 நிமிஷம். முதல் ரெண்டும் டிரா. மூணாவதை கார்ல்சன் ஜெயிச்சுட்டார். நாலாவதுல அவருக்கு டிராவே போதும். கர்யாகின் ஜெயிச்சே ஆகணும்.

இப்ப அந்த நாலாவது ஆட்டத்துல 50-வது மூவ். காய்களைச் சொல்றேன். ரூக்கை எங்க வீட்ல யானைன்னுதான் சொல்லுவோம், நானும் அப்படியே சொல்றேன். வெள்ளை கார்ல்சன்: ராஜா எச்1, ராணி எஃப்4, யானைகள் எஃப்5, சி8, சிப்பாய்கள் இ4, எஃப்3, எச்2, எச்5. கருப்பு கர்யாகின்: ராஜா எச்7, ராணி எஃப்2, யானை ஏ2, மந்திரி இ7, சிப்பாய்கள் பி6, டி6, எஃப்7, ஜி7.

முதல்ல வெள்ளை ராஜாவைப் பாருங்க. பாவம், மூலையில மாட்டிக்கிட்டு நிக்கிறார். கருப்பு ராணி எஃப்1-க்கு வந்தா அடுத்த மூவ்லயே மேட். அதாவது கார்ல்சன் இப்போ நிதானமா ஒரு நல்ல மூவ் ஆட முடியாது. செக் வெக்கணும், இல்லேன்னா தற்காப்புக்கு இறங்கணும்.

அப்போ எத்தனை செக் இருக்கு? ரெண்டே ரெண்டு. ஒண்ணு, சி8 யானை எச்8-க்குப் போறது. ராஜா அதைச் சாப்பிட்டுருவார். யானையும் போச்சு, எட்டாவது வரிசைக் காவலும் போச்சு. இன்னொண்ணு, ராணி எச்6. அங்க ராணியை ராஜாவும் வெட்டலாம், ஜி7 சிப்பாயும் வெட்டலாம். பார்த்ததுமே நம்ம மூளை "ச்சீ, ஓசியில ராணியைக் கொடுக்குறதா"ன்னு அந்த மூவைத் தள்ளி வெச்சுடும். இங்கதான் விஷயமே இருக்கு.

கருப்பு ராஜாவைச் சுத்தி அஞ்சு கட்டம். ஜி8, எச்8 ரெண்டையும் சி8 யானை பாத்துக்குது. ஜி6-ஐ எச்5 சிப்பாய் பாத்துக்குது. ஜி7-ல அவரோட சொந்தச் சிப்பாயே வழிமறிச்சு நிக்குது. மிச்சம் எச்6, அதையும் வெள்ளை ராணி தூரத்துல இருந்து பாத்துக்கிட்டு இருக்கா. ஆக, ராஜா ஏற்கெனவே நகர முடியாத நிலைமை. அவர் மேல ஒரு செக் விழணும், அவ்வளவுதான் பாக்கி. என்னைக் கேட்டா, பலி கொடுக்குற மூவைத் தேடுறதே தப்பான ஆரம்பம். முதல்ல எதிராளி ராஜாவுக்கு எத்தனை கட்டம் மிச்சம்னு எண்ணுங்க. எண்ணிக்கை பூஜ்யம், ஒண்ணுன்னு வந்தாத்தான் ராணியைக் கொடுக்குறதுக்கு அர்த்தமே.

சரி, ராணி எச்6, செக். ஜி8-க்கோ எச்8-க்கோ ஓட முடியாது. நடுவுல காய் வெக்கவும் இடமில்லை, ராணி ஒட்டி நிக்கிறா. வெட்டித்தான் ஆகணும்.

ராஜா வெட்டினா: யானை எச்8, மேட். ஜி6-ல சிப்பாய் காவல், ஜி5-ல எஃப்5 யானை காவல். எச்5 சிப்பாயை வெட்டலாமான்னா, அதுக்கும் அதே யானைதான் துணை.

சிப்பாய் வெட்டினா இன்னும் அழகு. ஜி7-ல இருந்த சிப்பாய் எச்6-க்குப் போயிடுது. அது இத்தனை நேரம் ஏழாவது வரிசைக்குக் கதவு மாதிரி நின்னுச்சு. இப்போ கதவு திறந்துடுச்சு. எஃப்5 யானை எஃப்7-ஐ வெட்டி செக். எச்6-ல சொந்தச் சிப்பாய், ஜி6-ல காவல், எட்டாவது வரிசையில யானை. மேட். ரெண்டு யானையும் ஆளுக்கு ஒரு மேட் கையில வெச்சுக்கிட்டு இருந்திருக்கு பாருங்க.

கர்யாகின் எதையும் வெட்டலை. ரிசைன் பண்ணிட்டார். டைபிரேக் 3-1.

பஸிலா இதைக் கொடுத்தா நம்மள்ல நிறைய பேர் கண்டுபிடிச்சுடுவோம். "வெள்ளை ஜெயிக்கணும்"னு மேல எழுதியிருக்குமே! நிஜ ஆட்டத்துல யாரும் தோளைத் தட்டி "இப்போ இருக்கு"ன்னு சொல்ல மாட்டாங்க. டிராவே போதும்கிற நிலைமையில, தன் ராஜா மேல மேட் தொங்கிக்கிட்டு இருக்கும்போது, உலக சாம்பியன் ராணியைத் தூக்கி வெச்சார். அன்னிக்கு அவருக்கு 26-வது பிறந்தநாள் வேற.

அதே நாள் ரெண்டாவது ரேபிட் ஆட்டத்துல கர்யாகின் தோக்குற நிலைமையில இருந்து ஸ்டேல்மேட் வழியா தப்பிச்சார். அது அடுத்த எபிசோட்ல. போர்டைக் கலைச்சுடாதீங்க, காய்களை மட்டும் மாத்தி அடுக்கணும்.