அறிவுக் களஞ்சியமும் ஒரு தறியே!

(ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு நெசவாளர் கூட்டத்திற்கான உரை)



தறியில் ஓர் இழை அறுந்தால் நெய்பவர் கை உடனே நின்றுவிடுகின்றது. அறுந்ததைப் பிணைத்த பின்னரே ஊடை ஓடுகின்றது. எழுத்துப் பணிக்கும் இதுவே முறை.

தமிழுக்குக் கலைக்களஞ்சியம் புதிதன்று. ஆ. சிங்காரவேலனார் தனியொருவராய்த் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்து மடலங்களை வெளியிட்டது. அவற்றில் பிழை நேர்ந்தால் மறுபதிப்பு வரும்வரை காத்திருத்தல் வேண்டும். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ, படிப்பவரே ‘தொகு’ என்பதை அழுத்தித் திருத்தலாம். யார், எந்நாளில், எதை மாற்றினார் என்பது ‘வரலாறு’ பக்கத்தில் அழியாது நிற்கும். யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன் தொடக்கக் காலத்திலிருந்தே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஊதியமின்றி எழுதினார். 2017 மே திங்களில் கட்டுரைகள் ஓரிலக்கத்தை எட்டின.

ஆயின், எண்ணிக்கை மட்டும் ஏற்றமாகாது! 2009 தொடங்கிக் கூகுள் நிறுவனம் ஊதியத்திற்கு ஆளமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் பெயர்த்து ஏற்றியது. அவற்றுட் பலவற்றில் சொல் தமிழாயிருந்தது, தொடரோ ஆங்கிலமாயிருந்தது. தமிழ் விக்கிப்பீடியர் வாளா இருந்தாரல்லர். குறைகளை எடுத்துக்காட்டினர், 2010இல் போலந்து நாட்டில் கூடிய விக்கிமீடியா மாநாட்டிலும் அவற்றை உரைத்தனர்.

கட்டுரையைச் செப்பஞ்செய்யும் முறை எளிது. பொருள் இன்னதென முதல் தொடரே வரையறுத்தல் வேண்டும். பின்னர் உள்தலைப்புகள், செய்திகளுக்குச் சான்று, தொடர்புடைய கட்டுரைகளுக்கு இணைப்பு, இறுதியிற் பகுப்பு. புகழுரை கூடாது. பழஞ்செய்தியும் நிலைத்தல் கூடாது. 1989இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்த பின்னும், ஆரணியை வடஆர்க்காட்டு மாவட்டத்தில் உள்ளதாக எழுதுதல் பிழையே.

இங்கொரு தடையுண்டு. “யாம் அறிவோம்” என்பது களஞ்சியத்திற் சான்றாகாது. நூல், ஆய்விதழ் போன்ற நம்பத்தகு வெளியீடு வேண்டும். தறிச்சொற்கள் பலவும் இன்னும் முதியோர் வாயிலேயே வாழ்கின்றன. அவர் மறைந்தால் அவையும் மறையும். பின்னர்ப் பட்டு நெசவைப் பற்றிய தமிழ்க் கட்டுரையும் அயற்சொல்லை இரந்தே நிற்கும்!

ஆதலின், இளைஞர்களே! முதியோரிடம் கேட்டுச் சொற்களைத் தொகுத்திடுக. நூலாக்கி அச்சேற்றுக. அந்நூலைச் சான்றாக்கிக் கட்டுரைகளைத் திருத்துக. தறியையும் பாவு பிணைத்தலையும் படமெடுத்துச் சேர்த்திடுக. தறியறிந்தவன் எழுதாவிடின், தறியறியாதவன் எழுதியதே உலகிற்குத் தமிழாகும்!