செவி நோகாத இசை



விழாவில் மேளம் முழங்குங்கால் சில குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுகின்றனர். அடம் என்று நாம் அதட்டுகிறோம். நமக்கு இயல்பான ஒலி அவர்கட்கு வலியாகவே படுகிறது. வேறு சிலர்க்கோ மெல்லும் ஓசை, மூக்குறிஞ்சும் ஓசை போன்றவை மட்டும் தாங்கொணாச் சினத்தை எழுப்பும். இப்பின்னதற்கு மிசோபோனியா என்னும் பெயரை ஜாஸ்ட்ரெபாஃப் என்னும் ஆய்வாளர் இணையர் 2001இல்தான் சூட்டினர்.

இத்தகையோர்க்கு அமைதி தரும் இசை எது? நீலாம்பரி என்பார் பலர். இராகத்தினும் கருவியும் ஒலியளவுமே முதலில் நோக்கத்தக்கவை என்பேன். காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், பாடுமுன் யாழின் மரத்தையன்றோ ஆராய்ந்து குற்றமுடையவற்றை விலக்கினான்! (அப்பகுதியைக் கற்பிப்பதில் எனக்குச் சலிப்புத் தட்டியதே இல்லை.) நீலாம்பரியே ஆயினும் வயலினின் மேல் தாயியில் கீச்சென எழுந்தால் அச்செவி நோகும்.

தம்பூராச் சுருதி, கீழ்த்தாயிக் குழல், மெல்ல மீட்டிய வீணை ஆகியவற்றில் தொடங்கலாம். தனி ஆவர்த்தனமும் திடீர்க் கைதட்டலும் உள்ள கச்சேரிப் பதிவு வேண்டா. இடையில் விளம்பரம் அலறும் யூடியூபும் வேண்டா. மிசோபோனியா உடையார்க்குப் பாடகர் மூச்சிழுக்கும் ஓசையே இடராகலாம்; கருவியிசையே நன்று. பேச்சொலியினும் தாழ்வாக வைத்து, நிறுத்தும் பொத்தானை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். நாள் முழுதும் காதடைப்பான் அணிவித்தல் உணர்ச்சியை இன்னும் கூர்மையாக்கும். செவிப்புல வல்லுநரைக் கேட்டுச் செய்க.

அடுத்த விழாவில் ஒலிபெருக்கிக்கு எட்டாத ஓர் அறையை இவர்கட்கென ஒதுக்குமாறு அறக்கட்டளையினரை வேண்டுகிறேன்.