குழந்தையின் முதல் ஆடை

(சங்க ஆண்டு விழாவில் தாய்மார் அரங்கில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அணையாடை. பிள்ளைக்குக் கீழே விரிக்கும் துணியைக் குறிக்கும் பழஞ்சொல் அது. அரையில் கட்டும் துணிக்கும் அப்பெயரையே இங்குக் கொள்வோம். பிள்ளைத்தமிழ், காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துக் குழந்தையைக் கொண்டாடுகிறது. துணி துவைக்கும் பருவம் அப்பட்டியலில் இல்லை! ஆயினும், நாளொன்றுக்குப் பத்து முறை துணி மாற்றும் தாய்க்கு அதைவிடப் பெரிய பருவம் ஏது?

இன்று கடைகளில் ‘ஆர்கானிக் பருத்தி’ என்று பொறித்த அணையாடைகள் விற்கப்படுகின்றன. விலையோ மிகுதி. அதை வாங்கினால்தான் நல்ல தாயா? வாங்க இயலாதவள் தன் பிள்ளைக்குக் குறை வைத்தவளா? இக்கேள்வி இளந்தாய்மார் பலரின் உள்ளத்தை உறுத்துகிறது. ஆகவே அதை ஆராய்வோம்.

செயற்கை உரமும், செயற்கைப் பூச்சிமருந்தும், மரபணு மாற்றிய விதையும் இன்றி விளைந்த பருத்தியே ஆர்கானிக் பருத்தி. பி.டி. பருத்திக்கு நம் நாட்டில் 2002ஆம் ஆண்டு இசைவு அளிக்கப்பட்டது. இன்று பருத்தி நிலத்தின் மிகப் பெரும் பகுதி அதன் வசமே. எனினும் தென்பாண்டிக் கரிசலில் மழையை மட்டுமே நம்பி விளையும் கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திகள் முற்றும் மறைந்துவிடவில்லை. துணி வாங்குவோர் ஜி.ஓ.டி.எஸ். என்னும் முத்திரையைத் தேடலாம். அம்முத்திரையுடன் ‘ஆர்கானிக்’ என்றே எழுதப்பட்ட துணியில் நூற்றுக்கு 95 பங்கேனும் அவ்வகை நார் இருத்தல் வேண்டும். சாயத்திற்கும் சலவை மருந்திற்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

ஆனால் ஓர் உண்மையை உணர வேண்டும். பருத்தி கொதித்து, வெளுத்து, துணியாகி வரும்போது அதில் எஞ்சும் பூச்சிமருந்து மிகச் சிறிதே. அம்மருந்தின் கொடுமையை முழுதும் தாங்குபவர் வயலில் நிற்பவர். 2017ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில் பயிருக்கு மருந்து தெளித்த உழவரும் கூலிகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். பிறர் அணியும் பொன்னுக்காகப் பாறைத் தூளைச் சுவாசித்து நுரையீரலை இழந்தோரின் வழிவந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. எனவே, வசதியுள்ளோர் ஆர்கானிக் துணி வாங்கட்டும். அறியா உழவனுக்குச் செய்யும் உதவி என்று எண்ணி வாங்கட்டும். வசதியில்லாதோர் வருந்த வேண்டா. பாட்டனார் உடுத்த பழைய பருத்தி வேட்டியும், பாட்டியார் உடுத்த நூற்சேலையும் நூறு முறை துவைத்து மென்மையுற்றவை. அவற்றினும் இனிய அணையாடை எந்தக் கடையிலும் இல்லை.

உண்மையில், துணியின் நலம் அதன் பெயரில் இல்லை. அதைப் பக்குவம் செய்வதில் இருக்கிறது.

புதிய பருத்தித் துணி நீரை உறிஞ்சாது. பருத்தி நாரில் இயற்கையான மெழுகும் எண்ணெயும் உண்டு. தறியில் ஏற்றிய கஞ்சிப் பசையும் உண்டு. வெளுக்காத கோராத் துணியில் இவை மிகுதி. ஆதலால் சிறிது சோப்பிட்டு வெந்நீரில் துவைத்து, நன்கு அலசி, முழுதும் உலர்த்த வேண்டும். நான்கைந்து முறை இவ்வாறு செய்தபின், ஒரு துளி நீரை அதன்மேல் விட்டுப் பார்க்கலாம். துளி உருண்டு நின்றால் துணி இன்னும் பக்குவப்படவில்லை. உடனே உள்ளிழுத்தால் குழந்தைக்கு ஆயிற்று. துவைத்தால் துணி சுருங்கும். எனவே 27 அங்குலச் சதுரம் வேண்டுவோர் 30 அங்குலமாக வெட்டுக. துணியை மணக்கச் செய்யும் மென்மையூட்டி நீர்மங்களைச் சேர்க்கலாகாது. அவை நாரின்மேல் படலமாகப் படிந்து, உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். நாள்தோறும் துவைக்கும் வீட்டுக்கு இரண்டு டஜன் துணி போதும். மழைக்காலத்தில் இன்னும் சில வேண்டும்.

இனி, நம் ஊருக்கே உரிய மூன்று செய்திகளைக் கூறுவோம். அவை நீர், தூசி, பெட்டி.

முதலாவது நீர். சுரங்கக் காலத்தில் பாலாற்றுப் பேத்தமங்கலத்து நீர் குழாய்வழி நம்மை வந்தடைந்தது. இன்று பல வீடுகள் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியுள்ளன. கடின நீரில் சோப்பு நுரைக்காது. வெள்ளைக் கசடாகத் துணியில் தங்கி அதை விறைக்கச் செய்யும். அவ்விறைப்பு குழந்தையின் தொடையை உராயும். ஆகவே சோப்பைக் குறைத்து, அலசலைக் கூட்டுக. கொதிக்கவைத்துத் தெளியவிட்ட நீரோ, சேமித்த மழைநீரோ கடைசி அலசலுக்கு மிக நன்று.

இரண்டாவது தூசி. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. சயனைடு மேடுகள் மட்டும் நம்மோடு நின்றுவிட்டன. பதின்மூன்று மேடுகள், அவற்றில் ஏறத்தாழ 3.3 கோடி டன் அரைத்த கழிவு. காற்றடிக்கும் நாளில் அந்நுண்தூள் கொடியில் காயும் துணியிலும் படியும். ஈரத் தோலில் அது உப்புத்தாள்போல் தேய்க்கும். வெயில் வேண்டும்; தூசி வேண்டா. காற்று அடங்கிய காலைப்பொழுதில் உலர்த்தி, காற்று எழுமுன் எடுத்து, நன்கு உதறி, மூடி வைக்க. காற்று ஓயாத நாளில் மெல்லிய வெள்ளைத் துணியை மேலே போர்த்தி உலர்த்துக.

மூன்றாவது பெட்டி. இதனைத் தாய்மார்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறோம். பேரப்பிள்ளைக்கென்று பழந்துணியைப் பெட்டியில் வைக்கும்போது, அந்துருண்டை என்றும் பாச்சை உருண்டை என்றும் சொல்லும் நாப்தலீனை இடுவது வழக்கம். ஜி-6-பி-டி என்னும் நொதிக் குறைவோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. நாப்தலீன் ஏறிய துணி பட்டால் அத்தகைய பச்சிளம் பிள்ளையின் சிவப்பணுக்கள் சிதைந்து, கடும் மஞ்சள் காமாலை காணலாம். உயிருக்கே இடர் நேரலாம். எந்தப் பிள்ளைக்கு அக்குறை உண்டு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அறிய முடியாது. ஆகவே அவ்வுருண்டை இட்ட துணியைப் பிறந்த குழந்தைக்கு எடுக்கவே வேண்டா. துணியை நன்கு உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோடு கட்டி வைத்தால் போதும்.

எத்துணியாயினும் ஈரமானவுடன் மாற்றுதலே தோலுக்குக் காப்பு. பயணத்திலும் நெடிய இரவிலும் கடையில் விற்கும் டயப்பரை அணிவித்தால் பழியில்லை. அதையும் காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

இறுதியாக இரண்டு வேண்டுகோள்கள். விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறும் பெண்கள் நம் வீடுகளில் பலர். திரும்பி வந்தபின் துணி வாளியும் அவர்களுக்கே காத்திருப்பது அறமன்று. குழந்தை இருவரின் செல்வமாயின் துணியும் இருவரின் பணியே. தந்தையரும் துவைக்கட்டும்! அடுத்து, வீடுதோறும் பயனின்றிக் கிடக்கும் பருத்தி வேட்டிகளைச் சங்கம் திரட்டி, வெந்நீரில் துவைத்து, வெட்டி, ஓரம் தைத்து, பேறுகாலம் நெருங்கிய ஏழைத் தாய்மார்க்கு வழங்கலாமே! மாலைக்கும் மேடைக்கும் செலவிடுவதில் ஒரு பங்கே அதற்குப் போதும்.

பொன் விளைந்த காலம் போயிற்று. ஆயினும் இம்மண்ணில் குழந்தைகள் பிறக்கிறார்கள். அவர்களை மாசற்ற துணியில் ஏந்துவோம்.

வாழ்க தமிழ்! வாழ்க நம் மழலையர்!