கோடைச் சோளமும் கால்நடைகளும்

(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காங்கயம், தாராபுரம் பகுதிகளில் சித்திரை மாதத் தீவன நெருக்கடியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து தூர் மட்டும் நிற்கும். கோடை மழை பெய்ததும் அது துளிர்க்கும். உடனே மாட்டை விட்டால் தூர் நலிந்துவிடும். கிளுவை வேலிப் படலைச் சாத்தி, புல் ஒரு முழம் வளரும்வரை பொறுக்கத்தான் வேண்டும். அந்த இடைவெளியில் நம் கண் கிணற்றடிச் சோளத்தின்மேல் விழுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இளஞ்சோளத்தை மாடு மெல்லும்போது ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. தண்ணீரின்றி வாடிய பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து மழைக்குப்பின் வரும் மறுதாம்புத் துளிரிலும் இது மிகுதி. தழைச்சத்தை அள்ளிப் போட்டாலும் கூடும். பூக்கும் பருவம்வரை சோளக்காட்டில் மாட்டை விடாதீர்கள். கோ எப்.எஸ். 29 போன்ற பலமுறை அறுக்கும் தீவனச் சோளத்தையும் விதைத்த 65 நாட்களுக்குப் பிறகே முதலில் அறுக்க வேண்டும்.

இன்னொன்று. முளைத்த முதல் மாதத்தில் குருத்து ஈ தாக்கும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். விதையைச் சற்றுக் கூடுதலாக விதையுங்கள், பயிர் கலைக்கும்போது தாக்குண்ட நாற்றைப் பிடுங்குங்கள், ஏக்கருக்கு ஐந்து கருவாட்டுப் பொறி வையுங்கள் என்று நாங்கள் ஊர் ஊராகச் சொல்லி வருகிறோம். பிடுங்கிய நாற்றை என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். "மாட்டுக்குத்தாங்க போடறோம்" என்றார் ஓர் அம்மையார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூச்சியைப் பற்றிச் சொன்ன நாங்கள் இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் குறைதான். அந்த நாற்றில்தான் நஞ்சு அதிகம். விதைநேர்த்தி மருந்தும் அதில் இருக்கலாம். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

மேய்ந்த மாடு மூச்சு வாங்கி, தள்ளாடி, வாயில் நுரை தள்ளினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. சில நிமிடங்களில்கூட உயிர் போய்விடும். மாற்று மருந்து ஊசி உண்டு. உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள், சோளப்பயிர் தின்றது என்பதை முதலில் சொல்லுங்கள்.

கதிர் அறுத்துக் காயவைத்த தட்டைக்கு இந்தப் பயம் இல்லை. போரில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பவர்கள் அதைச் சித்திரைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.