அரிக்கஞ்சட்டியும் பொன்னரிப்புத் தொட்டியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘வீட்டிலேயே செய்யும் பொன்னரிப்புத் தொட்டி’ என்று அழைப்பிதழில் அச்சானதும் எம் வீட்டுக் கதவைத் தட்டியவர் பலர். பவுன் விற்கும் விலையில் இவ்வித்தையை இத்தனை நாள் ஏன் மறைத்து வைத்தீர் என்று ஒரு பெரியவர் கடிந்தும் கொண்டார். அவருக்கு முதலிலேயே விடை கூறிவிடுகின்றோம். நம் முத்தா ஆற்று மணலை ஆயிரம் கூடை அரித்தாலும் ஒரு மூக்குத்திக்குப் பொன் தேறாது. இந்நகரம் அமர்ந்திருப்பது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்த கரும்பாறையின் மேல். அதில் இரும்பு மிகுதி. பொன்னைத் தாங்கும் வெண்கல் நரம்புகளோ கோலாரிலும் ராய்ச்சூரை அடுத்த ஹட்டியிலும் உள்ள மிகப் பழைய பாறைகளில் ஓடுவன.

அங்ஙனமாயின் தொட்டி எதற்கு? சென்ற கோடையில் நம் காலனி இளைஞர் இருவர் எம்மிடம் வந்தனர். வேலை இல்லாத காலம் அது. கூடலூரை அடுத்த தேவாலாவில் பொன் கிடைக்கின்றதாம், தொட்டி ஒன்று செய்து தந்தால் போதும், கடன் வாங்கியாவது புறப்பட்டுவிடுவோம் என்றனர். கிடைப்பது மெய்தான். பன்னெடுங்காலமாக அம்மலைவாழ் பழங்குடியினர் ஓடை மணலை அரித்துப் பொன் எடுத்துள்ளனர். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தேவாலா, பந்தலூர்ப் பொன்னை நம்பிப் பங்கு விற்றன. சில ஆண்டுகளுக்குள் நொடித்தும் போயின. அவர்கள் குடைந்த சுரங்கங்கள் இன்றும் வாய் திறந்து கிடக்கின்றன. வறுமையால் அவற்றினுள் மறைவாக இறங்கி, மண் சரிந்து மாண்டோரும் உண்டு. உரிமம் இன்றிப் பொன் எடுப்பது 1957ஆம் ஆண்டுச் சுரங்கம், கனிமச் சட்டப்படி குற்றமுமாகும். இவற்றை எடுத்துரைத்தோம். இளைஞர் முகம் வாடிற்று. ‘போக வேண்டாம், ஆனால் தொட்டியை மட்டும் செய்து பார்ப்போம், வாருங்கள்’ என்றோம். அதன் விளைவே மேடையில் நீங்கள் காணும் இம்மரப்பெட்டி.

தாய்மார்களுக்கு இதன் தத்துவத்தை யாம் விளக்கத் தேவையில்லை. ஊரில் நம் பாட்டிமார் அரிசி களைந்த அரிக்கஞ்சட்டியை நினைவு கூர்க. உட்புறம் வரிவரியாய்ப் பள்ளம் கொண்ட மண்சட்டி அது. நீர் வார்த்து ஒரு பக்கம் சாய்த்து அலைத்தால் அரிசி நீரோடு வழிந்து செல்லும். கல் வரிகளில் தங்கிவிடும். பொன்னரிப்பும் அதுவே. அங்கே தங்கியதை எறிகின்றோம், இங்கே தங்கியதைப் போற்றுகின்றோம், வேற்றுமை அவ்வளவே. ஆட்டுத்தோலை ஓடையில் விரித்து அதன் உரோமத்தில் பொன் துகள் பிடித்தனர் பண்டைக் கருங்கடற்கரை மக்கள். யவனர் கதையில் வரும் பொன்னுரோமத் தோல் அதிலிருந்தே பிறந்தது என்பாரும் உளர்.

எண்ணால் கூறுவோமாயின், ஒரே பருமனுள்ள நீரைவிட மணல் 2.65 மடங்கு கனமுடையது, பொன் 19.3 மடங்கு. ஆகவே பொன் மணலைவிட ஏழு மடங்கு கனம். நீரினுள் மூழ்கினாலோ ஒவ்வொன்றும் தன் பருமனுக்கு ஈடான நீரின் எடையை இழந்துவிடுகின்றது. அப்பொழுது மணலின் பங்கு 1.65, பொன்னின் பங்கு 18.3. ஏழு மடங்கு பதினொரு மடங்காகின்றது! இந்த நான்கு மடங்கு நீர் நமக்கு இலவசமாய்த் தரும் கூலி.

இனித் தொட்டிக்கு வருவோம். நான்கு அடி நீளம், ஆறு அங்குல அகலம் உள்ள ஒரு பலகை அடி. இரு பக்கமும் ஆறு அங்குல உயரப் பலகைகள். முன்னும் பின்னும் திறப்பு. அடியில் பழைய கம்பளியை விரித்து, அதன்மேல் முக்கால் அங்குல உயரக் குறுக்குச் சட்டங்களை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக அமைத்தோம். சட்டங்களை ஆணியடித்து விடலாகாது. கம்பளியை எடுத்து அலச வேண்டுமாதலால், ஏணிபோல் ஒன்றாகப் பிணைத்து, இரு கொக்கிகளால் இறுக்கி, வேண்டும்போது கழற்றுமாறு செய்க. சட்டத்தைத் தாண்டும் நீர் அதன் பின்னே சுழன்று கீழிறங்கும். அச்சுழலில் மணல் எழுந்து போகும், கனமானது தங்கும். தலைமாட்டில் பழைய அரிசிச் சல்லடை ஒன்று, பருங்கல்லைத் தடுக்க. ஒரு பீப்பாயில் நீரும் சிறு மோட்டாரும் இருந்தால் அதே நீரைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். நம் காலனியில் தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் நிற்போர் முன் வேறு விதமாகச் செய்ய எமக்கு மனம் வரவில்லை.

பொன் இல்லாமல் சோதிப்பது எங்ஙனம்? மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டைத் தட்டித் தகடாக்கிக் குருணை அளவாக 25 துணுக்குகள் நறுக்கினோம். ஈயம் நீரைவிடப் 11 மடங்குக்குச் சற்று மிகுதி, பொன்னைவிட இலேசு. ஈயத்தைப் பிடிக்கும் தொட்டி அதே அளவுள்ள பொன்னை நழுவவிடாது. (ஈயம் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சிறுவர் தின்பண்டம் எடுக்கலாகாது.) துணுக்குகளை ஒரு கூடை மணலில் கலந்து ஓட்டினோம். முதல் நாள் திரும்பியவை 11. சரிவு மிகுந்து போயிற்று. மறுநாள் சரிவைக் குறைத்தோம். மணல் சட்டங்களுக்கிடையே இறுகிப்போக, ஈயம் அதன் முதுகில் ஏறிச் சென்றது. திரும்பியவை 9! இளைஞருள் ஒருவர் சுத்தியலை எறிந்துவிட்டுச் சென்றார்.

அவரைத் திருப்பிக் கொணர்ந்தவர் ஒரு ஜாரேகரி. லக்ஷ்மி சாலையில் சோன்யா மாருதி சௌக்கைக் கடந்து செல்கிறோம். கடைகளின் ஒளியில் நம் கண் கூசும். பொற்கொல்லர் பட்டறைகளின் குப்பையையும் சாம்பலையும் வாங்கி, தெருப்புழுதியைக் கூட்டி அள்ளி, நீரில் அரித்துப் பொன் துகள் எடுத்துப் பிழைப்போரை நாம் காண்பதில்லை. அவரையே மராத்தியில் ஜாரேகரி என்பர், தமிழில் அரிப்புக்காரர். புனேயின் பொன் ஆற்றில் இல்லை, அத்தெருப் புழுதியில் இருக்கின்றது! முதியவர் ஒருவரைத் தேடி அழைத்து வந்தோம். தொட்டியைப் பார்க்கு முன் அவர் எம் கையைப் பார்த்தார். கூடையோடு மணலைக் கவிழ்ப்பது கண்டு சிரித்தார். குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் ஊட்டுங்கள் என்பது அவர் மராத்தியில் கூறியதன் கருத்து. மணலை முதலில் ஊறவைத்துப் பிசைந்து களிமண் போக்கினோம். பிடிபிடியாய் இட்டோம். சரிவை அடிக்கு ஓர் அங்குலமாக்கினோம். நீர் சட்டத்தின் தலைமேல் ஒரு விரற்கடை ஓடியது. திரும்பியவை 22.

எம் தந்தையார் கோலார் தங்கவயலில் ஆலைத் தொழிலாளி. அங்கும், அரைத்த கல்லைக் கம்பளி விரித்த சாய்மேசையில் ஓட்டும் வழக்கம் இருந்தது. 1802இல் வாரன் என்னும் படை அதிகாரி அவ்வட்டாரத்துக்கு வந்தபோது, ஊரார் அவர் கண் முன்னே மண்ணை அலசிப் பொன் காட்டினர். அந்த அலசலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கம் வரை வளர்ந்த தொழில், 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. வேலை தேடி யாம் இந்நகருக்கு வந்ததும் அதனாலேயே. தந்தையார் கம்பளியை உதறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வதுபோல் நிற்பார் என்று அன்னை சொல்லக் கேட்டுள்ளோம். அதே பழக்கம் எம் கைக்கும் வந்திருப்பதை இத்தொட்டியைச் செய்தபோதுதான் உணர்ந்தோம்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கூறுகின்றோம். தங்கிய கருமணலைக் காந்தத்தால் நீக்கலாம். எஞ்சியதை மரத்தட்டில் அலசலாம். பாதரசத்தை மட்டும் வீட்டில் நுழைய விடாதீர்கள். பொன்னைப் பற்றிய பாதரசத்தைக் காய்ச்சினால் எழும் ஆவி கண்ணுக்குத் தெரியாது. நரம்பையும் மூளையையும் சிதைக்கும். அடுப்படியில் விளையாடும் பிள்ளையையே அது முதலில் தாக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை நம் நாடு 2018இல் ஏற்றுள்ளது.

சுத்தியலை எறிந்த இளைஞர் இப்பொழுது அந்த முதியவரிடம் ஞாயிறுதோறும் செல்கின்றார்; அரிப்புக் கற்கின்றார். முதியவரும் நம் அழைப்பை ஏற்று மூன்றாம் வரிசையில் அமர்ந்துள்ளார். இருவரையும் மேடைக்கு அழைக்கின்றோம். 25 துணுக்குகளையும் தலைவர் அவர்களே எண்ணி மணலில் இட வேண்டுகின்றோம். மோட்டாரைப் போடுங்கள். முன்வரிசைத் தாய்மார்கள் புடவைத் தலைப்பைச் சற்று ஒதுக்கிக்கொள்க; நீர் தெறிக்கும்.