விலை உயர்ந்த தூண்டில்



சென்ற ஆண்டு, மனைவியின் மூக்குக்கண்ணாடிக்கென ஒதுக்கியிருந்த காசில் நான் ஒரு காபன் இழைத் தூண்டிற்கோல் வாங்கினேன். கையில் எடுத்தால் இறகு போலிருந்தது. மறுநாள் மாலையே மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனேன். பக்கத்தில் ஒரு முதியவர். அவரிடம் மூங்கிற் கம்பும் தங்கூஸ் நூலும்தான். இருட்டுவதற்குள் அவருக்கு ஒரு கொடுவா அகப்பட்டது. என் பை வெறுமையாகவே இருந்தது.

"தம்பி, மீனுக்குக் கம்பு தெரியாது, இரைதான் தெரியும்" என்றார்.

வீடு வரும்வரை அதையே யோசித்தேன். கோலுக்கு மூன்று வேலைகள் உண்டு. இரையைத் தூர எறிவது, மீன் கடிப்பதைக் கைக்கு உணர்த்துவது, மீன் இழுக்கையில் வளைந்துகொடுத்து நூலைக் காப்பது. பாலத்தில் நின்று நேரே கீழே இறக்குபவருக்கு முதல் வேலையே இல்லை. மூங்கிலும் நன்றாக வளையும். கடற்கரையில் நின்று நாள் முழுதும் அலைக்கு அப்பால் எறிபவருக்குத்தான் காபன் கோலின் பாரமின்மை உதவும். அதுவும் கல்லில் அடிபட்டால் முறியக்கூடும். மின்சாரத்தைக் கடத்துவதால் மின்கம்பியின் கீழும் இடிமின்னலிலும் ஆபத்து. கையில் காசு குறைந்தவர் அதைக் கூரான கொழுக்கிக்கும் நல்ல நூலுக்கும் செலவிடுவதே புத்தி.

சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். கடை அலுமாரியில் மினுங்கியதை விழுங்கியவன் நான்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இன்னமும் அரிசியை முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்தான் கல் பொறுக்குகிறாள். கோலை விற்கக் கொடுத்திருக்கிறேன்.